ஒரே மாத்திரை, இரண்டு வயது

"அசையாதீங்கக்கா. இடது பக்கம் மேல போயிருச்சு."

செல்வி என் மேலுதட்டில் கண்மையால் மீசை வரைந்துகொண்டிருந்தாள். மலாக்காவின் காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்னறை அது. சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட கண்ணாடியில் பாதி ரசம் போயிருந்தது. மிச்சப் பாதியில் முகம் தெரிய வேண்டுமானால் குந்திதான் உட்கார வேண்டும். வேட்டி கட்டிக் குந்தி உட்கார்ந்து பல வருஷம் ஆகிவிட்டதால் எனக்கு முட்டி வலித்தது.

"முறுக்கு மீசையா, அரும்பு மீசையா?" என்று கேட்டாள்.

"உங்கண்ணனுக்கு எது பொருந்துமோ அதைப் போடு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. துணியை எச்சிலில் நனைத்து, வரைந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

படிக்கிறவர்கள் குழம்ப வேண்டாம். நானும் செல்வியும் ஆண்பிள்ளைகளாகப் பிறந்து, அது சரிப்படாமல், பெண்களாக வாழ வந்தவர்கள். எங்களைச் சொல்ல அன்றைய மலாக்காவில் தமிழிலும் மலாயிலும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இந்தப் பத்திரிகை ஆசிரியர் அவற்றை அச்சிட மாட்டார், நானும் எழுத மாட்டேன். மேலுதட்டில் முளைத்ததையெல்லாம் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கியே என் இளமை போயிருந்தது. அந்த வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்ததால், அன்றைக்கு மீசை தேவைப்பட்டபோது ஒரு மயிர்கூட உதவிக்கு வரவில்லை.

அன்று மத்தியானம் செல்விக்குப் பரிசத் தட்டு வருவதாக இருந்தது. மாப்பிள்ளை முனியாண்டி, லாரி ஓட்டுகிறவன். அவனுக்கு எங்களைப் பற்றி எல்லாம் தெரியும். அவன் அம்மா காளியம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது. அந்த அம்மாள் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டிருந்தார். தட்டை வாங்கப் பெண் வீட்டில் ஓர் ஆண்பிள்ளை இருக்க வேண்டும். அண்ணனோ தம்பியோ சித்தப்பனோ, யாராவது. பெண்பிள்ளை கையில் தட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் தோட்ட லயத்தில் சிரிப்பார்களாம்.

செல்விக்கு அம்மாவும் இல்லை, அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அவளை வீட்டைவிட்டுத் துரத்திய அப்பா ஒருவர் இருந்தார். அவரைக் கூப்பிட முடியாது. ஆக, அண்ணன் வேஷம் எனக்கு வந்தது. நான் சரியாக நடித்தால் அவளுக்குக் கல்யாணம். சொதப்பினால் அந்த அம்மாள் என்னை உற்றுப் பார்ப்பார், அப்புறம் செல்வியை உற்றுப் பார்ப்பார், லாரி வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

இந்த வேஷத்துக்கு என்னைப் பொருத்தமாக்கியது என் வயதுதான். அதைச் சொல்ல வேண்டுமானால் கோழியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கழுத்துக் கறி

எனக்குத் தொழில் கல்யாணச் சமையல். போன வாரம் அதைத்தான் எழுதியிருந்தேன். ஆயிரம் பேர் சாம்பாருக்கு நான் சொன்ன உப்பு போதாது என்று குவாந்தானிலிருந்து ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். அவர் ஆயிரம் பேருக்குச் சமைத்துவிட்டு எழுதட்டும்.

கோழி வாங்க புக்கிட் ரம்பாய்க்குப் போவேன். அங்கே ஒரு சீன முதலாளியின் பண்ணை, தவுக்கே என்போம். சுதந்திரத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். தவுக்கே கையில் தடித்த ஊசி ஒன்றை வைத்துக்கொண்டு சேவல் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, கழுத்துத் தோலுக்கு அடியில் கடுகு மாதிரி ஒரு மாத்திரையைச் செருகிக்கொண்டிருந்தார்.

"என்ன வியாதி?" என்று மலாயில் கேட்டேன்.

வியாதி இல்லையாம். இது பெண் மருந்தாம். இதைச் செருகினால் சேவல் கூவாது, சண்டை போடாது, கொண்டை சுருங்கிவிடும், கறி பஞ்சு மாதிரி ஆகும். பெருநாள் சமயத்தில் நல்ல விலை போகும்.

நான் கூடையைக் கீழே வைத்துவிட்டேன். அங்கே மூலையில் ஒரு கூட்டம் சேவல்கள் அமைதியாக, கொண்டை வெளுத்து, யார் வம்புக்கும் போகாமல் தவிட்டைக் கொத்திக்கொண்டிருந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோழியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். உண்மையைத்தான் சொல்கிறேன்.

பக்கத்தில் ஒரு கிழட்டுச் சேவல் தனியாக நின்றது. அதற்கும் மருந்து வைத்துப் பார்த்தாராம். "அது லம்பாட், லம்பாட்" என்று கையை ஆட்டினார். காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். கொழுப்பு போட்டது, கறி கொஞ்சம் மிருதுவானது, ஆனால் காலில் உள்ள முள் அப்படியே இருக்கிறது, எலும்பும் அப்படியே இருக்கிறது என்றார். அந்தச் சேவல் என்னை ஒரு கண்ணால் பார்த்தது. எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

செல்வியிடம் வந்து சொன்னேன். அவளுக்கு இருபது. என்னோடு ஒட்டிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கோயில் பக்கம் பூக்கட்டி விற்பாள். கேட்டவுடன் அவள் சொன்ன யோசனை இதுதான்: "அப்ப அந்தக் கழுத்தை நாம தின்னா?"

சிரிக்காதீர்கள். கல்யாணச் சமையலில் கழுத்தை யாரும் கேட்பதில்லை, எல்லாம் எனக்கே மிஞ்சும். சில மாதங்கள் எங்கள் வீட்டில் கழுத்துக் கறி, கழுத்து வறுவல், கழுத்து ரசம். வீடு முழுக்கக் கோழி வாடை. உடம்பில் மாறியது ஒன்றுதான், இருவருக்கும் ஏப்பம் அதிகமானது.

டாக்டர் சொன்னது

டவுனில் ஒரு டாக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான்தான் சமைத்தேன், அதனால் எங்களை வெளியே நிறுத்தாமல் உள்ளே உட்கார வைத்தார். நான் கோழிக் கழுத்துக் கதையை முழுதாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"சரி. கழுத்துத் தின்னுறதை விட இது மேல்" என்று மருந்து எழுதினார். "இது வயசு போன பொம்பிளையள் உடம்பு எரியுது எண்டு வருவினம், அவையளுக்குக் குடுக்கிற குளிசை. உங்களைப் போல ஆக்களுக்குக் குடுத்தா என்ன நடக்கும் எண்டு எழுதின புத்தகம் என்னட்டை இல்லை. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்."

செல்வியைப் பார்த்தார். "இந்தப் பிள்ளைக்கு இருபது. உடம்பு இளசு, கெதியாப் பிடிக்கும்."

என்னைப் பார்த்தார். "உமக்கு நாப்பத்தொண்டு. தாடை முத்தீட்டுது, தோள் அகண்டிட்டுது. எலும்பை இது ஒண்டும் செய்யாது. குரலையும் மாத்தாது, அது ரெண்டு பேருக்கும்தான். கொட்டின மயிர் திரும்பி வராது. மிச்சம் இருக்கிறது நிண்டாலும் நிக்கும்."

"அப்ப என்னதான் டாக்டர் செய்யும்?"

"தோல் மிருதுவாகும். சதை கொஞ்சம் இடம் மாறும். மார்பு கொஞ்சம் வரும். எவ்வளவு எண்டு கேக்காதையும், அது ஆளுக்கு ஆள். பொறுமை வேணும்."

"எத்தனை மாசம்?"

"மாசமில்லை. வருஷம்."

நாற்பத்தொரு வருஷம் பொறுத்தவளிடம் பொறுமையைப் பற்றிப் பேசினார். சுருட்டு பிடிப்பதை விடச் சொன்னார், கால் வீங்கினால் உடனே வரச் சொன்னார். வெளியே வந்ததும் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே குதித்தாள். எனக்கும் குதிக்க ஆசைதான், ஆனால் தவுக்கேயின் கிழட்டுச் சேவல் மனசுக்குள் நின்றுகொண்டிருந்தது.

இரண்டு பேரும் வாந்தி

மாத்திரையின் முதல் பலன் வாந்தி. காலையில் எழுந்ததும் நான் கிணற்றடிக்கு ஓடுவேன். நான் திரும்புவதற்குள் செல்வி ஓடுவாள்.

வீட்டுக்காரம்மா மலாக்காச் செட்டிமார் குடும்பம். நெற்றியில் விபூதி இருக்கும், கோயிலுக்கு ஒரு நாள் தவறமாட்டார், மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டை போடுவார், பேச்சு மட்டும் மலாய். தமிழில் சாமி பெயர்களும் சமையல் பெயர்களும் தெரியும். ஒரு வாரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிணற்றடிக்கு வந்து நின்றார்.

"துவா-துவா முந்தா?" என்றார். இரண்டு பேருக்குமே வாந்தியா என்று கேட்கிறார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், செல்வியை மேலும் கீழும் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். சாயங்காலம் எங்கள் வாசலில் மாங்காய் அச்சார் இரண்டு ஜாடி இருந்தது, ஆளுக்கு ஒன்று. இன்றுவரை அதற்கு அவர் விளக்கம் சொல்லவில்லை.

கண்ணாடி பார்த்த கதை

ஒரே கடையில் வாங்கிய ஒரே மாத்திரை. ஒரே நேரத்தில், ஒரே குவளைத் தண்ணீரில் விழுங்குவோம். அப்படியிருந்தும் அது அவளை ஒரு மாதிரியும் என்னை ஒரு மாதிரியும் நடத்தியது.

செல்விக்கு நாலைந்து மாதத்திலேயே கன்னம் உருண்டது. அடுத்த பொங்கலுக்குள் ரவிக்கை போதவில்லை. இடுப்பில் சேலை தானாக நின்றது. குரல் அவளுக்குப் பிறப்பிலேயே மெலிசு, அதில் மருந்துக்குப் பங்கில்லை. பசாரில் மீன்காரன் அவளைப் "பாப்பா" என்று கூப்பிட்டு ஒரு மீன் கூடப் போட்டான். அவளோடு நின்ற என்னைப் பார்த்து, "என்னண்ணே, உங்களுக்கு?" என்றான்.

அதுதான் என் நிலைமை. ஊருக்கு நான் சமையல் மாணிக்கம், மாணிக்கண்ணே. பெயர் மட்டும் இருபாலுக்கும் பொது என்பதால் அதை மாற்றும் வேலை மிச்சம். முன்னந்தலையில் போன முடி போனதுதான். தாடை அப்படியே. தோள் அப்படியே. வேலைக்குப் போகும்போது சட்டையும் சாரோங்கும், வீட்டுக்கு வந்தால் சேலை. ராத்திரி படுக்குமுன் கண்ணாடி முன் நிற்பேன். நேற்று இருந்தவனே இன்றும் நிற்பான்.

ஒரு வருஷம் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. இவளுக்கு ஒன்று போதுமானால் எனக்கு இரண்டு வேண்டும், வயசுக்குத் தக்க மருந்து என்று கணக்குப் போட்டேன். சமையல்காரி மூளை. முற்றின கறிக்கு அதிக நேரம் அடுப்பு வைப்பதில்லையா? யாரிடமும் சொல்லாமல் இரட்டிப்பாக விழுங்க ஆரம்பித்தேன்.

மார்பு இரட்டிக்கவில்லை. இடது கால்தான் இரட்டித்தது. கெண்டைக்கால் சிவந்து, வீங்கி, தரையில் ஊன்ற முடியாமல் போனது. செல்வி என்னை டிரைஷா வண்டியில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனாள். வழியெல்லாம் அழுதாள், அழுதுகொண்டே என்னைத் திட்டினாள்.

டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ரெண்டு மடங்கு விழுங்கினா ரெண்டு மடங்கு பொம்பிளை ஆகேலாது! ரத்தம்தான் உறையும். அந்தக் கட்டி நெஞ்சுக்குப் போச்செண்டா ஆளே இல்லை. இருபது வயசுக்காரி தாங்கினாலும் தாங்குவாள். உமக்கு வயசு போகுது. விளங்குதோ?"

விளங்கிற்று. நெடுநாள் படுத்துக் கிடந்தேன். மாத்திரையை நிறுத்தினார். கால் வற்றி, நான் மறுபடி நடமாடியபிறகு, போய்க் கெஞ்சினேன். முந்தியதில் பாதிதான் தருவேன் என்றார். அதையாவது தாருங்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

படுத்துக் கிடந்தபோது ஒரு நாள் செல்வியிடம் எரிந்து விழுந்தேன். "உனக்கென்ன, நேரத்தோட வந்துட்ட. நான் இருபதுல எங்க போய் இந்த மாத்திரையைக் கேட்கிறது? அப்ப ஜப்பான்காரன்கூட வரல."

அவள் என் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு மட்டும் யாருக்கா வழி காட்டினா? நீங்க அந்தக் கூடையைக் கீழ வைக்கலன்னா எனக்கும் லேட்டுதான்."

ஒத்தடம் சூடு அதிகம் என்று மட்டும் சொன்னேன்.

லாரிக்குத் தினமும் மாலை

முனியாண்டி வெள்ளிக்கிழமை தோறும் லாரியில் இருந்த சாமி படத்துக்குச் செல்வியிடம் மாலை வாங்குவான். பிறகு செவ்வாய்க்கிழமையும் வாங்கினான். அப்புறம் தினமும். எந்த லாரிக்கும் தினமும் மாலை தேவைப்படாது என்பது தார்ச் சடக்கில் போகிற எல்லோருக்கும் தெரியும்.

அவன் பெண்டாட்டி பிரசவத்தில் இறந்துபோனவள். இரண்டு சின்னப் பிள்ளைகள், அம்மா வளர்த்துக்கொண்டிருந்தார். செல்வி ஒரு நாள் அவனிடம் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் பின்னாலேயே வந்து கதவுக்கு வெளியே நின்றான்.

"அக்கா, அதுகிட்ட சொல்லுங்க. எனக்கு ரெண்டு புள்ள இருக்கு, போதும். எங்கம்மாவும் போதும்னுதான் சொல்லுது. மத்தது எதுவும் எனக்கு வேணாம். நாளைக்கு மாலை கட்டி வைக்கச் சொல்லுங்க."

ஊரில் என்னை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆண்பிள்ளை அவன்தான். அவனும் செல்வி கூப்பிடுவதைக் கேட்டுக் கூப்பிட்டவன்தான் என்றாலும், அதற்காகவே அவனுக்கு நான் பெண்ணைக் கொடுத்திருப்பேன்.

பிறகுதான் காளியம்மாவின் நிபந்தனை வந்தது. முனியாண்டி தலையைச் சொறிந்துகொண்டு என் முன்னால் நின்றான். செல்வி உடனே, "முடியாது. அக்கா இவ்வளவு பட்டது வேட்டி கட்டவா? கல்யாணமே வேணாம்" என்றாள். அவள் அதை மனசாரத்தான் சொன்னாள். அதனால்தான் நான் வேட்டி கட்டச் சம்மதித்தேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. இரண்டு வருஷம் மருந்து தின்று, கால் போகிற அளவுக்குப் போய், கடைசியில் நான் எதற்கு உதவுகிறேன் என்று பார்த்தால், ஆண்பிள்ளை வேஷத்துக்கு. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தவுக்கேயைத் திட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

கோட்டும் தட்டும்

இனி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

மீசை முடிந்தது. கோட்டு வீட்டுக்காரம்மாவின் இறந்துபோன புருஷனுடையது. கூடத்தையும் அவரே எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். கோட்டைப் போட்ட பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. தோளில் சரியாக உட்கார்ந்தது, ஆனால் நெஞ்சில் பொத்தான் மாட்டவில்லை.

நானும் செல்வியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சேலை மாராப்பில் நான் இதைக் கவனித்ததே இல்லை. வேலைச் சட்டையோ தொளதொளப்பு. இல்லை, இல்லை என்று இரண்டு வருஷமாக நான் அழுதுகொண்டிருந்தது, வேண்டாத நாளில் கோட்டுக்குள் வந்து நின்றது. செல்வி ஒரு துண்டை எடுத்து என் நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பொத்தான் மாட்டிற்று, மூச்சுதான் பாதியாகிவிட்டது.

லாரி வந்தது. முன்னால் காளியம்மா இறங்கினார். ரப்பர்த் தோட்டத்தில் கித்தா மரம் சீவிச் சீவி முறுக்கேறிய கை, வாய் நிறைய வெற்றிலை. பின்னால் அவர் புருஷன் சாமிக்கண்ணு தட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் அன்று முழுவதும் பேசவில்லை. பிறகும் அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

"வாங்க, வாங்க. பிரயாணமெல்லாம் சவுகரியமா?" என்றேன். என் குரலுக்கு வாழ்க்கையில் அன்றுதான் வேலை கிடைத்தது.

"இங்கேருக்கிற புக்கிட் ரம்பாய்ல இருந்து வர்றதுக்கு என்னா பிரயாணம்?" என்றார் காளியம்மா. பாயில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். செல்வி கும்பிட்டுவிட்டுப் போனாள், அவளைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். மறுபடி என்னையே பார்க்க ஆரம்பித்தார்.

காற்றே இல்லை. கோட்டுக்குள் அடுப்பு எரிந்தது. தோளில் கிடந்த இன்னொரு துண்டின் நுனியை எடுத்து முகம் துடைப்பதும், அதை நெஞ்சின் மேல் இழுத்து விட்டுக்கொள்வதுமாக இருந்தேன். எத்தனை தடவை இழுத்துவிட்டேனோ தெரியாது, அது பழக்கம். முனியாண்டி என்னைப் பார்த்து மூக்குக்குக் கீழே தொட்டுத் தொட்டுக் காட்டினான். எனக்குப் புரியவில்லை.

காளியம்மா எழுந்தார். "தண்ணி குடிக்கணும். அடுப்படி எங்கன இருக்கு? நீங்க வாங்க, காட்டுங்க."

முனியாண்டியின் முகம் வெளுத்துப் போனது. கதவோரம் நின்ற செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தேன். இவள் வாழ்க்கையை என் தாடையும் தோளும் சேர்ந்து கெடுத்துவிட்டன என்று நினைத்துக்கொண்டே அந்த அம்மாளுக்கு முன்னால் நடந்தேன்.

அடுப்படிக்குள் போனதும் அவர் கதவை ஒருக்களித்தார். கட்டை விரலை நீட்டி என் மேலுதட்டை ஒரு இழுப்பு இழுத்தார். விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கறுப்பாக இருந்தது.

"ஏண்டி, என்னா கூத்து இது? நீ பொம்பளதானே?"

நான் மேலுதட்டைக் கையால் மூடிக்கொண்டேன்.

"வந்ததுல இருந்து பார்க்கிறேன், மாராப்பு மாதிரி துண்ட இழுத்து இழுத்து விடுற. முகத்துல ஒரு பூனை முடி இல்ல. மாரை வேற கட்டி வச்சிருக்க, மூச்சு முட்டிச் சாகவா? கழட்டு அந்தக் கோட்டை." அவரே பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். "வீட்டுல ஆம்பள இல்லன்னா இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே? தங்கச்சி கல்யாணம் நின்னு போகும்னு அக்காக்காரி மீசை வரைஞ்சிக்கிட்டு உக்காரணுமா? நான் என்னா ராட்சசியா?"

"நீங்கதான ஆம்பள கையால..." என்று இழுத்தேன்.

"சொன்னேன்தான். என் வீட்டுல ஒரு ஆம்பள இருக்கான், வெளிய தட்டை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான் பாரு. அவனால எனக்கு என்னா பிரயோசனம்? வாய் இருக்குதுன்னு சொல்லிட்டேன், விடு." குவளையில் தண்ணீர் மொண்டு எனக்கு நீட்டினார். "தொண்டை என்னா இப்பிடிக் கட்டிக் கெடக்கு?"

"அடுப்புப் பொகை. கல்யாணச் சமையல்."

"என் தொண்டையும் இப்பிடித்தான், பொகையிலையால. சேலை இருக்கா?"

"இருக்கு."

"கட்டிக்கிட்டு வா."

பின்னறையில் சேலை கட்டினேன். அவசரத்தில் கொசுவம் நாலு தடவை அவிழ்ந்தது. கண்ணாடியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஊரில் யாரும் இதுவரை என்னைப் பெண் என்று நினைத்து ஏமாந்ததில்லை. பசாரில் மீன்காரன் ஏமாறவில்லை, தெருப் பிள்ளைகள் ஏமாறவில்லை. இந்த அம்மாளோ ஏமாறக்கூட இல்லை. வேட்டிக்கும் கோட்டுக்கும் மீசைக்கும் உள்ளே ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்று நேரே கண்டுபிடித்துவிட்டார்.

கூடத்துக்கு வந்தேன். செல்வி என்னைச் சேலையில் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் போய்விட்டது என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. கதவோரம் நின்ற வீட்டுக்காரம்மா கண்ணை மூடிச் சாமி பெயர் ஒன்றைச் சொன்னார்.

"தட்டை இப்பிடிக் குடு" என்று காளியம்மா புருஷன் கையிலிருந்து வாங்கினார். தேங்காயும் பழமும் வெற்றிலையும் சிவப்புச் சேலையும் இருந்தன. எழுந்து என் எதிரே வந்து நின்றார்.

"அக்காக்காரி, வாங்கிக்க. அம்மா இல்லாத புள்ளைக்கு நீதான் அம்மா."

வாங்கினேன். தட்டு கனமாக இருந்தது. செல்வி சத்தமாக அழ ஆரம்பித்தாள். முனியாண்டி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான். காளியம்மா குங்குமத்தைத் தொட்டு முதலில் செல்விக்கு வைத்தார், பிறகு என் நெற்றியில் அழுத்தி வைத்தார். முன்னந்தலையில் முடி கம்மியாக இருப்பதையும் பார்த்தார். "கொதிக்கிற அண்டா பக்கத்துலயே நின்னா முடி எப்பிடி நிக்கும்?" என்று அதற்குக் காரணத்தையும் அவரே சொல்லிக்கொண்டார்.

பிறகு பாயில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"உனக்கு என்னா வயசாகுது?"

"நாப்பத்து மூணு."

"கட்டிக்கலையா?"

"இல்ல. வயசு போயிருச்சுங்க."

"யாரு சொன்னா?" என்றார் காளியம்மா. "நாப்பத்து மூணெல்லாம் ஒரு வயசா? எங்க லயத்துல ஆளுங்கள வேலை வாங்குற மண்டோர் ஒருத்தர் இருக்காரு, பெண்சாதி தவறிருச்சு, தங்கமான மனுசன். பொம்பள கையால ஒரு வாய் சோறு இல்லாம கெடக்காரு. பேசவா?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. தேம்பித் தேம்பி, கூட இருந்தவர்கள் திகைக்கும்படி அழுதேன்.

காளியம்மா ஒன்றும் பதறவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தால் பொம்பளைங்க அழத்தான் செய்வாங்க என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, வெற்றிலைப் பையைப் பிரித்தார்.